ஆகுபெயரும் திராட்சைத் தேறலும்

இடவாகுபெயருக்கு உதாரணம் கேட்டால் மாணவர் 'ஊர் சிரித்தது' என்று ஒப்புவிப்பர். நான் இப்பொழுது வேறொன்றும் கூறிவருகின்றேன். ஷாம்பேன் என்பது பிரான்சிலுள்ள ஒரு நிலப்பகுதியின் பெயர். அஃது அந்நிலத்துத் திராட்சைத் தேறலுக்கு ஆகிவந்தது. வகுப்பறையில் மதுவுக்கென்ன வேலை என்று நண்பரொருவர் முகஞ்சுளித்தார். நாவால் அதனை நான் அறியேன். இலக்கணத்தால் மாத்திரமே அறிவேன்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணாக்கரொருவர் காட்டிய போத்தலே இதற்கெல்லாம் காரணம். அதன்மீது 'ரைடல் பே' என்றிருந்தது; வற்றுப்பெருக்குடைய குடா என்பது பொருள். நோவா ஸ்கோஷியா மாகாணம் மிகவுயர்ந்த வற்றுப்பெருக்குக்குப் பேர்போன பண்டி விரிகுடாவை அடுத்தது. அக்குளிர்நிலத்துத் தோட்டக்காரர் 2012 இல் தம் வெண்டேறலுக்கு இப்பெயரைச் சூட்டி, விதிகளும் வகுத்தனர். பழம் முழுவதும் அம்மாகாணத்தில் விளைந்ததாதல் வேண்டும். மதுசாரம் நூற்றுக்கு 11 பங்கை விஞ்சலாகாது. ஆக்கியோர் பெயரறியாது சுவைத்துப் பார்க்கும் குழுவொன்று ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். குறுங்கோடையில் முதிரும் பழத்திலே புளிப்பு மேலோங்கி நிற்கும். பிறர் குறையென்பதை இவர்கள் குணமாக்கிக்கொண்டனர். அத்துணிவை நான் மெச்சுகின்றேன்.

அவர்கள் பெரிதும் நம்பும் கொடி லக்கடி என்பது. 1953 இல் ஒன்ராறியோவிலே கலப்பினமாகத் தோன்றி, இங்கு வந்து வேரூன்றியது. புகழ்பெற்ற ஐரோப்பியக் கொடிகளை நட்டோரும் உளர். 2023 பெப்ருவரியில், குளிர் குன்றிய சனவரியை அடுத்து, சுழியத்துக்குக் கீழ் 20 பாகையையும் கடந்த கடுங்குளிர் திடீரெனப் பாய்ந்தது. அக்கொடிகளின் மொட்டுக்கள் பெரும்பாலும் மடிந்தன. கலப்பினங்களும் நலிந்தன, ஆயினும் அத்துணையன்று.

காயம் ஆறுமுன்னரே, 2024 தொடக்கத்தில், பிறதேசத்துச் சாற்றை வருவித்துத் தேறலாக்கும் பெரிய ஆலைகளுக்கு உதவிப்பணம் வழங்க மாகாண அரசாங்கம் முற்பட்டது. தோட்டக்காரர் வெகுண்டெழுந்தனர், திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆலையிலும் தொழிலாளர் உளரே என்பார் கூற்று மெய்தான். வந்த சாற்றுக்கு 'ரைடல் பே' என்று பெயரிடவும் விதி விடாது. ஆனால் பனியோடு பொருது பெற்ற தேறலையும், பீப்பாயில் வந்திறங்கிய சாற்றையும் மாகாணத்துத் தேறலென ஒரே கணக்கில் எழுதுவது எவ்வாறு பொருந்தும்? இடத்துக்கும் பொருளுக்கும் இயைபு அற்றபின் அஃது ஆகுபெயரன்று, பொய்ப்பெயர்.

போத்தலை மாணாக்கரிடமே திருப்பிக் கொடுத்தேன். அதில் ஒட்டிய தாளை மாத்திரம் பக்குவமாய் உரித்து வாங்கிக்கொண்டேன். நாளை பாடத்துக்கு வேண்டும்.