தாழ்வாரத்தில் காத்திருக்கும் கணவர்

குழந்தைப்பேறு வேண்டி நம்மை நாடிவரும் தம்பதிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில் ஆண்பாற் காரணமும் கலந்திருக்கிறது என்பதை மாணவப் பருவத்திலேயே நாம் கற்றிருக்கிறோம். ஆயினும், மனைவியின் கோப்பு இரத்தப் பரிசோதனைகளாலும் ஸ்கேன் படங்களாலும் லேப்ராஸ்கோப்பி அறிக்கைகளாலும் பருத்துக்கொண்டே போக, கணவரைப் பற்றிய விசாரணை ஒற்றை விந்துப் பரிசோதனைத் தாளோடு முடிந்துவிடுவதையும், அவர் தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டே வீடு திரும்புவதையும் நாள்தோறும் காண்கிறோம். மலடி என்ற வசைச்சொல்லைப் பெண்ணின்மேல் மட்டுமே எறிவது ஊரின் பழைய அநீதி. அதற்கு நம் மருத்துவ அறையிலும் இடங்கொடுத்துவிட்டோமே என்பதுதான் எம் வருத்தம்.

ஒரேயொரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையால் கர்ப்பம் உண்டானதை 1992ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து மருத்துவர்கள் வெளியிட்டது மகத்தான சாதனையே. ஆனால் எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருப்பினும் வழியுண்டு என்ற நிச்சயம் பிறந்தபின், அது ஏன் குறைந்தது என்று வினவும் சிரத்தை நம்மிடம் தேய்ந்துபோயிற்று.

சுவிட்சர்லாந்து மருத்துவர் பிராடர் 1966இல் வகுத்தளித்த, 1 முதல் 25 மில்லிலிட்டர் வரை அளவுள்ள பன்னிரண்டு மணிகளைக் கோத்த அந்த எளிய சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரைகளை அளந்து பார்ப்பவருக்கு, அவை மிகச் சிறுத்து இறுகியிருப்பின் கிளைன்ஃபெல்டர் நோயைப் பற்றிய சந்தேகம் அக்கணமே எழும். விரைகளின் அளவு சரியாக இருந்தும், விந்து அளவிற் குறைந்து அமிலத்தன்மை மிகுந்து, விந்துக்குழாய் இருபுறமும் விரல்களுக்குத் தட்டுப்படாவிடில், அது பிறவியிலேயே அமையவில்லை என்பது பிரத்தியட்சம்; அதைத் தீர்மானிக்க ஸ்கேன் வேண்டியதில்லை, ஆனால் இக்ஸிக்கு முன் தம்பதியர் இருவருக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மரபணுப் பரிசோதனை அவசியம் வேண்டும். இதனைத் தவறவிட்டால், நோயுள்ள மகவை நாமே உண்டாக்கித் தந்தவர்களாகவும் கூடும்.

மற்றொரு பிழையையும் கூறாதிருக்க இயலவில்லை. அணுக்கள் குறைவென்று கண்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதித்தருவோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர்; வெளியிலிருந்து வரும் அந்த ஹார்மோன் பிட்யூட்டரியை அடக்க, எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் வீழ்ந்து, எஞ்சியிருந்த உற்பத்தியும் நின்றுவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, அவ்விரு ஹார்மோன்களும் இயல்பாகவே குன்றியிருக்கும் ஆடவருக்கு எச்.சி.ஜி.யும் எஃப்.எஸ்.எச்.சும் மாதக்கணக்கில் பொறுமையுடன் கொடுத்துவரின் விந்தணு தோன்றி, ஆய்வுக்கூடத்தின் துணையின்றியே மனைவி கருவுறுவதும் உண்டு.

ஆகவே, சகாக்களே, நாளைக் காலை முதல் தம்பதி வரும்போது கணவரையும் உள்ளே அழையுங்கள். அவர் உட்கொள்ளும் மருந்துகளையும் உடற்பயிற்சிக்கூடத்தில் போட்டுக்கொண்ட ஊசிகளையும் கேட்டறிந்து, திரைக்குப்பின் அழைத்துச் சென்று உங்கள் கையாலேயே பரிசோதியுங்கள்.