கண்ணாடிக்கு அப்பால் ஒரு தோட்டம்

கோயம்புத்தூர், ஓசூர், சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று புது வீடு எழும்பும் இடங்களிலெல்லாம் ஒரு நம்பிக்கை வேர்விட்டிருக்கிறது. ஹாலின் ஒரு பக்கச் சுவரைத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியாக்கிவிட்டால் வீடு இயற்கையோடு சேர்ந்துவிடுமாம். சேராது. கண்ணுக்குத் தோட்டம் தெரியும், அவ்வளவுதான். காற்றும் மண்வாசனையும் மழைச்சத்தமும் வெளியிலேயே நின்றுவிடும்.

உள்ளே தாராளமாக வருவது வெயில். கண்ணாடி வழியே நுழையும் ஒளி தரையிலும் சோபாவிலும் பட்டு வெப்பமாகிறது; அந்த வெப்பம் கண்ணாடியைத் தாண்டி எளிதில் வெளியேறாது. மேற்கு பார்த்த கண்ணாடியென்றால் மாலை நாலு மணிக்கு அங்கே உட்கார முடியாது. வெயில் சாய்ந்து அடிப்பதால் சன்ஷேடும் காப்பாற்றாது. பிறகென்ன, திரையை இழுத்து மூடி ஏ.சி. போடுகிறார்கள். எந்தத் தோட்டத்துக்காகச் சுவரை எடுத்தார்களோ, அது திரைக்குப் பின்னால் கிடக்கிறது.

இந்த மோகத்துக்கு முன்மாதிரியான வீடுகளில் ஒன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது. மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951-இல் கட்டி முடிந்த ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம். நாற்புறமும் கண்ணாடி, கதவை விட்டால் திறக்கக்கூடியவை இரண்டு சிறு ஜன்னல்கள்தாம். கோடையில் புழுங்கியது. கொசுத்தொல்லையால் தாழ்வாரத்துக்கு வலையடிக்க வேண்டிவந்தது. பக்கத்திலிருக்கும் ஃபாக்ஸ் ஆறு பெருகி வீட்டுக்குள் புகுந்ததும் ஒரு தடவையல்ல. பனி பெய்யும் ஊரிலேயே கோடைக்கு இந்தப் பாடு என்றால், நம் சித்திரைக்கு?

நம் வெக்கைக்கான விடை பக்கத்திலேயே இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டைத் தெருவிலிருந்து பார்த்தால் மதிலும் ஓட்டுக்கூரையும்தான் தெரிந்தன. உள்ளே வானம் பார்த்த முற்றம், மரங்கள், சுற்றிலும் ஆழ்ந்த நிழல். மழை வீட்டின் நடுவிலேயே பெய்தது. திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலிச் சுவர் எழுப்பினார். வெளிச்சம் சலித்து வரும், காற்று தடையின்றி வரும், ஜன்னல் சட்டத்துக்கான செலவும் மிச்சம்.

அரை கிரவுண்டு மனையில் முற்றத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு ஹாலைத் தூக்க இடமிருக்கிறதே, அதில் ஒரு மூலை போதும்.

எனக்கு எல்லாவற்றையும்விட வலிப்பது மண். வீட்டைச் சுற்றி ஓரடி விடாமல் பேவர் பிளாக் பதித்துவிட்டு, மழைநீரைக் குழாயில் பிடித்து ஒரு குழிக்குள் தள்ளுகிறோம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதால் அந்தக் குழியாவது இருக்கிறது. ஆனால் முன்பு மனை முழுவதுமே மழையைக் குடித்துக்கொண்டிருந்தது. மனையின் மேற்கே நின்ற வேம்பு மாலை வெயிலைத் தன் தலையில் வாங்கிக்கொண்டிருந்தது. எலிவேஷனை மறைக்கிறது என்று முதல் வேலையாக அதை வெட்டிவிட்டு, அந்தப் பக்கம் கண்ணாடி பொருத்தி, வெளியே தொட்டியில் செடி வைக்கிறார்கள்.