கையில் பிடித்தால் சிக்னல் போய்விடும்!

ஒரு கைப்பேசியை எப்படிப் பிடிப்பது? இதற்கும் பாடம் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் 2010ஆம் ஆண்டில் பல நாடுகளில் இதுதான் பேச்சாக இருந்தது.

அந்த ஆண்டு ஜூன் 7ந் தேதி, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஆப்பிள் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 'ஐபோன் 4' என்ற புதிய கைப்பேசியை அறிமுகம் செய்தார். பெயர்தான் கைப்பேசி. உண்மையில் அது சட்டைப் பைக்குள் அடங்கும் கம்ப்யூட்டர். கறுப்பு, வெள்ளை என்று இரண்டு நிறங்களில் வரும் என்றார்.

கறுப்புப் போன் சொன்னபடி ஜூன் 24ந் தேதி கடைக்கு வந்தது. மூன்றே நாளில் 17 லட்சம் போன்கள் விற்றன. வெள்ளைப் போன் மட்டும் வரவில்லை.

வந்தது ஒன்று, வராதது ஒன்று. எதைப் பாராட்டுவது? எதைக் குறை சொல்வது? எல்லோரும் நினைத்ததற்கு நேர் மாறாகத்தான் முடிந்தது!

ஏரியல் எங்கே?

ரேடியோப் பெட்டிக்கு மாடியில் ஏரியல் கம்பி கட்டிய காலம் உண்டு. காற்றில் வரும் அலையைப் பிடித்துக் கொடுப்பது அந்தக் கம்பிதான். கைப்பேசிக்கும் ஏரியல் உண்டு. சாதாரணமாக அது உள்ளே மறைந்திருக்கும்.

ஐபோன் 4-ல் புதுமை செய்தார்கள். போனைச் சுற்றி ஒட்டியாணம் போல் ஓடிய எஃகுப் பட்டையையே ஏரியலாக்கினார்கள். பட்டையில் சிறு இடைவெளிகள் விட்டு அதைப் பிரித்தார்கள். ஒரு பகுதி, பேசுவதற்கு. இன்னொரு பகுதி, வை-பை முதலிய மற்ற வேலைகளுக்கு.

பார்க்க அழகு. உள்ளே இடமும் மிச்சம். ஆனால் ஒரு சங்கடம். இடது பக்கம் கீழே இருந்த இடைவெளியின் மேல் உள்ளங்கை பட்டால், பிரிந்திருந்த இரண்டு பகுதிகளும் சேர்ந்து கொண்டன. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது அலைகளை உறிஞ்சும். ஏரியலின் சுருதியையும் மாற்றிவிடும். டவர் குறைவான இடத்தில் இருந்தவர்களுக்குப் பேச்சு பாதியில் அறுந்தது.

போன் வந்த சூட்டிலேயே வாங்கியவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கம்பெனி என்ன சொன்னது? அந்த மூலையை மூடிப் பிடிக்காதீர்கள். அல்லது உறை வாங்கிப் போட்டுக் கொள்ளுங்கள் என்றது. கம்பெனி விற்ற உறையின் விலை 29 டாலர்!

பொய் சொன்ன கோடுகள்

ஜூலை 2ந் தேதி இன்னொரு விஷயம் வெளியாயிற்று. சிக்னல் அளவைக் காட்டும் கோடுகளின் கணக்கே தவறு என்று ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. இரண்டு கோடு காட்ட வேண்டிய இடத்தில் நான்கு கோடு காட்டியிருக்கிறது. இல்லாத சிக்னலை இருப்பதாகக் காட்டினால், விழும்போது எல்லாம் ஒரேயடியாக விழுவதாகத்தானே தெரியும்?

ஜூலை 12ந் தேதி, பொருள்களைச் சோதித்துச் சொல்லும் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை, இந்தப் போனை வாங்கச் சிபாரிசு செய்ய முடியாது என்று எழுதியது. நான்கு நாள் கழித்து ஜாப்ஸ் நிருபர்களைக் கூட்டினார். மற்றக் கம்பெனிகளின் போன்களிலும் இந்தக் குறை உண்டு என்று வாதாடினார். உறையை இலவசமாகத் தருவதாகவும், வேண்டாதவர்கள் 30 நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் அறிவித்தார். வழக்கு நடந்து 2012-ல் சமரசம் ஆயிற்று. அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு 15 டாலர் அல்லது ஓர் உறை!

இத்தனைக்கும் ஆப்பிளிடம் சோதனைச் சாலை இல்லையா? பத்து கோடி டாலர் செலவில் சோதனைக் கூடங்கள் கட்டியிருப்பதாக ஜாப்ஸே சொன்னார். ஆனால் வெளியே சோதனைக்குப் போன ஒரு போன், அந்த ஆண்டு ஏப்ரலில் அம்பலமாயிற்று. கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் யாரோ தவறவிட்டுப் போனது அது. ரகசியம் காக்க, பழைய போன் போலத் தோன்றும் உறைக்குள் அது இருந்தது. உறைக்குள் இருக்கும் பட்டையை உள்ளங்கை எப்படித் தொடும்? ரகசியத்துக்குக் கொடுத்த மதிப்பில் பாதியைச் சாதாரணமாகப் போனைப் பிடிக்கும் மனிதனுக்குக் கொடுத்திருக்கலாம்.

பத்து மாதம் காத்த வெள்ளைப் போன்

வெள்ளைப் போன் என்ன ஆயிற்று? முதலில் ஜூலைக் கடைசி என்றார்கள். பிறகு ஆண்டு முடிவதற்குள் என்றார்கள். அதற்கும் பிறகு, அடுத்த ஆண்டு வசந்த காலம் என்றார்கள். ஊரே சிரித்தது. கறுப்புக்கு வெள்ளையடிக்க இத்தனை நாளா என்று கேலி பேசினார்கள்.

கடைசியில் 2011 ஏப்ரல் 28ந் தேதி அது வந்தது. வெள்ளைப் பொருள் நாளடைவில் எப்படி நிற்கும், உள்ளே இருக்கும் உணர்கருவிகளோடு எப்படி ஒத்துப்போகும் என்பதெல்லாம் சுலபமல்ல என்று கம்பெனி விளக்கியது. தயாரிப்பு நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியும் இருந்தது.

கேலிக்கு ஆளானது தாமதம். ஆனால் வாங்கியவர்களுக்குத் தலைவலி கொடுத்தது சொன்ன தேதியில் வந்த போன் அல்லவா? பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

எல்லாத் தாமதமும் நல்லதா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 'பண்டோரா' என்று ஒரு கைக்கம்ப்யூட்டர். விளையாட்டுப் பிரியர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கியது. 2008 செப்டம்பர் 30ந் தேதி முன்பதிவு தொடங்கியது. முதல் கருவிகள் அனுப்பப்பட்டது 2010 மே மாதத்தில்! பணம் கட்டிவிட்டு ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். கடைசி வரை கருவி கிடைக்காமல் போனவர்களும் உண்டு.

வெள்ளைப் போனுக்காகக் காத்தவர்கள் பொழுதைத்தான் இழந்தார்கள். பண்டோராவுக்காகக் காத்தவர்களில் சிலர் பணத்தையும் இழந்தார்கள். தன் பணத்தைப் போட்டுத் தாமதிப்பது வேறு. பிறர் பணத்தை வாங்கி வைத்துக் கொண்டு தாமதிப்பது வேறு.

ஆகவே, 'இன்னும் தயாராகவில்லை' என்று ஒரு கம்பெனி சொன்னால் அதைக் கேலி செய்யக் கூடாது. காரணத்தைக் கேட்க வேண்டும். நாம் சிரித்துச் சிரித்தே அவர்களை அவசரப்படுத்திவிட்டால், சோதிக்கும் வேலை நம் தலையில்தான் விழும். கம்பெனிகளும் தாமதத்துக்குக் காரணத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பொருள் தயாராகும் முன் பணத்தில் கை வைக்கக் கூடாது.

வீட்டில் புதுப் போன் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கலாம். வந்த அன்றே வாங்க வேண்டாம். ஒரு மாதம் பொறுங்கள். கடையில் எத்தனை கோடு தெரிகிறது என்று பார்த்து ஏமாறாமல், வாங்கியவரிடம் பேச்சு அறுகிறதா என்று கேளுங்கள். ஐபோன் 4-ன் குறை வெளியாகி, இலவச உறையும் அறிவிக்கப்பட ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மாதம் பொறுத்தவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.