கேட்பவர் யார்?

1960-களில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணிப்பொறியில் இரு கோப்புகள் தவறி இடம் மாறின. அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, அனைவருடைய கடவுச்சொற்களும் உள்ளே நுழைந்தோர் கண்முன் விரிந்தன!

பின்னாளில் அறிஞர் இதற்குப் பரிகாரம் கண்டனர். செம்மையாக அமைந்த கணிப்பொறி இன்று கடவுச்சொல்லை அப்படியே வைத்திராது. மீட்டறிய இயலாதவாறு உருமாற்றியே காக்கும். நாம் தட்டுவதையும் அவ்வாறே உருமாற்றி, இரண்டும் ஒத்துள்ளனவா என்று மட்டுமே பார்க்கும்.

ஆகவே, அன்பர்களே, நம் கடவுச்சொல் வங்கி ஊழியர் எவருக்கும் தேவையே இல்லை. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணோ வங்கி அனுப்பியதே. அனுப்பியவர் அதனைத் தொலைபேசியில் நம்மிடம் கேட்பானேன்? அவ்வாறு கேட்பவர், எத்துணை இனிமையாகப் பேசினும், கள்வரே எனத் தெளிவோம். வீட்டு முதியோர்க்கும் இன்றே உணர்த்துவோம்.