பி.காம். (கடற்கொள்ளை)

திருத்தணிப் பையன் ஒருவன் கடற்கொள்ளையன் ஆக ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை மக்களே. ஆனால் ஊரில் மலை இருக்கிறது, மலைக்கு 365 படி இருக்கிறது, கடல் மட்டும் இல்லை. கடலைப் பார்க்கவே ரயில் பிடித்து சென்னைக்குப் போக வேண்டும். வீட்டில் சொன்னால், "மொதல்ல ஒரு டிகிரி முடிடா, அப்புறம் எந்தக் கப்பலை வேணா கொள்ளையடி" என்பார்கள்.

சரி, எங்கே போய்ப் படிப்பது? அமெரிக்காவில் எம்.ஐ.டி. 2012-லிருந்து இதற்கே சான்றிதழ் தருகிறது. வில்வித்தை, வாள்வீச்சு, துப்பாக்கி சுடுதல், பாய்மரப் படகு... நான்கிலும் தேறினால் 'பைரேட்' பட்டம் கையில். அதெல்லாம் இருக்கட்டும், அப்பா கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "பிளேஸ்மென்ட் உண்டா?"

அங்கேதான் இடிக்கிறது. கேப்டன் கிட் கதையைப் பாருங்கள். 1696-ல் இங்கிலாந்து மன்னரின் அனுமதிச் சீட்டோடும், பிரபுக்கள் போட்ட முதலோடும் கிளம்பினார். 1698-ல் மலபார் பக்கம் 'குவெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பலைப் பிடித்தார். அதில் பிரெஞ்சு பாஸ் இருந்தது. பிரெஞ்சுக் கப்பலைப் பிடிக்க அவருக்கு அனுமதியும் இருந்தது. ஆனால் வழக்கு நடந்தபோது அந்த பாஸைக் காணோம்! 1701-ல் லண்டனில் தூக்கு. (கூடவே ஒரு கொலைக் குற்றமும் இருந்தது.) அந்த பாஸ் இருபதாம் நூற்றாண்டில் அதே லண்டனில் கிடைத்தது. வவுச்சர் தொலைந்தால் இதுதான் கதி.

ஆக, கொள்ளைக்காரனுக்கும் கனவானுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு காகிதம். காகிதத்தைத் தொலைக்காமல் வைத்திருந்தவர்களைப் பற்றித்தான் பி.காம். மாணவர்கள் கம்பெனிச் சட்டத்தில் படிக்கிறார்கள். "சாசனக் கம்பெனி என்றால் என்ன? உதாரணம் தருக." விடை: கிழக்கிந்தியக் கம்பெனி, அரச சாசனம், 1600. இரண்டு மார்க். அடுத்த கேள்விக்குப் போ!

அந்த இரண்டு மார்க்குக்குள் திருத்தணியும் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. ஆற்காடு நவாப் முகமது அலி, கம்பெனிப் படைக்குப் பணம் கட்ட, அதே கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் கடும் வட்டிக்குக் கைமாற்று வாங்கினார். அடைக்க முடியாமல் ஊர் ஊராக நிலவரியை எழுதிக் கொடுத்தார். வட்டியைக் கட்டியது கடைசியில் ஏர் ஓட்டியவன். 1785-ல் எட்மண்ட் பர்க் இதை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கிழி கிழியென்று கிழித்தார். என்ன பிரயோஜனம்? 1801-ல் நவாபின் ராஜ்யமே கம்பெனி கைக்குப் போனது; வட ஆற்காடும், அதோடு திருத்தணியும். அப்புறம் கமிஷன் போட்டுக் கடன் பத்திரங்களைச் சரிபார்த்தால்... பெரும்பகுதி போலி! கறுப்புக் கொடி இல்லை, மண்டையோடு இல்லை, பக்கத்தில் கடலே இல்லை. பத்திரமும் பேரேடும் போதுமானதாக இருந்தன.

இந்தத் தொழிலுக்குக் காலேஜ்கூட உண்டு. 1806-ல் இங்கிலாந்தில் கம்பெனியே ஒன்று ஆரம்பித்தது. அங்கே பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர் சாட்சாத் மால்தஸ்! 1812-ல் சென்னையில் இன்னொன்று, துரைமார்களுக்கு இங்குள்ள பாஷைகளைக் கற்றுத்தர. பிளேஸ்மென்ட் பற்றிய கவலையே கிடையாது.

இவர்களோடு ஒப்பிட்டால் நிஜக் கொள்ளையன் எவ்வளவோ தேவலை. பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பலில் விதிகள் எழுத்தில் இருந்தன. கேப்டனுக்கு இரண்டு பங்கு, சாதாரண மாலுமிக்கு ஒரு பங்கு. கை கால் போனால் நஷ்டஈடு. எல்லோருக்கும் ஓட்டு. ஆற்காட்டு விவசாயிக்கு இதில் எது கிடைத்தது?

"அதெல்லாம் பழங்கதை, காமர்ஸ் பையனுக்கு டெபிட் கிரெடிட் தெரிந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது சார். 2009 ஜனவரி 7 அன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் ஹைதராபாத்தில், சத்யம் கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 2015-ல் சிறப்பு நீதிமன்றம் 7 ஆண்டு சிறை விதித்தது. அவரும் பி.காம். படித்தவர்தான். பேலன்ஸ் ஷீட் அதுவரை அழகாக டாலி ஆகிக்கொண்டுதான் இருந்தது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். அந்த இரண்டு மார்க் கேள்விக்குக் கீழே ஒரு பத்து மார்க் கேள்வி சேருங்கள்: "ஆற்காடு நவாப் கடனில் வரவு யாருக்கு, பற்று யாருக்கு? விவசாயியின் பெயர் எந்தப் பக்கம் வரும்?" செப்டம்பர் 5-ஐ ஆசிரியர் தினமாக்கிய ராதாகிருஷ்ணனைத் தந்த திருத்தணியிலிருந்தே இதை ஆரம்பிக்கலாம்.

முடியாது என்றால் பட்டத்தின் பெயரையாவது மாற்றிவிடுங்கள். புதுப் பெயர் மேலே தலைப்பில் இருக்கிறது.