பேத்தியின் ஊர்



சிங்கப்பூரில் வளரும் என் பேத்தி ஒரு தமிழ்க் கதை எழுதி அனுப்பினாள். அரசாங்க அடுக்குமாடி வீடு, எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி, சீனத் தோழி. "நம்ம திருவையாறு, காவிரி ஒண்ணுமே இல்லையேம்மா" என்றேன். "அது உங்க ஊர் தாத்தா. என் ஊர் இந்த புளோக்தான்" என்றாள்.

வாயடைத்துப் போனேன். அங்கே பெரும்பாலானவர்கள் வசிப்பது 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில்தான். எந்த இனமும் ஒரே இடத்தில் குவியாதபடி 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் இனவாரியாக வரம்பு உண்டு. அந்த வாழ்வைத் தமிழில் சொல்ல அங்கே வளரும் பிள்ளைகளால்தான் முடியும். நாம் நாற்றங்காலையே கேட்டுக்கொண்டிருந்தால், அவர்கள் ஆங்கிலத்தில் எழுதப் போய்விடுவார்கள்.

உங்கள் பிள்ளைகள் எழுதினால் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள். ஊரைத் திருத்தாதீர்கள்.