நீலம் கேட்ட பேரனும் பலாப்பலகையும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் பேரன் எலெக்ட்ரிக் கிடார் செய்கிறான். கழுத்தும் பிக்கப்பும் கடையில் வாங்கியவை. உடல் மட்டும் எங்கள் முடிச்சூர் வீட்டுப் பழைய பலாக்கதவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறியும் வளையாத, வைரம் பாய்ந்த பலகை. இரண்டைச் சேர்த்து ஒட்டி வெட்டிவிட்டான்.

நீல நிறம்தான் வேண்டும் என்றான். ஸ்பிரிட்டில் கரையும் நீலச் சாயம் வாங்கிவந்து, நல்லவேளையாக வெட்டி எறிந்த துண்டில் முதலில் தேய்த்தான். பாசி பிடித்த குளம் மாதிரி பச்சை! கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வேறு.

பலா மஞ்சள் மரம். அதன் சிராய்களைக் கொதிக்கவைத்துத்தான் இலங்கையிலும் தாய்லாந்திலும் பிக்குகள் சீவரத்துக்குச் சாயம் ஏற்றினார்கள். மஞ்சளின் மேல் நீலம் போட்டால் பச்சைதானே? எல்.கே.ஜி. பாடம். அவனுக்குத் தோன்றவில்லை. முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்கும்தான் தோன்றவில்லை.

"பெயின்ட் அடிச்சிட்டா முடிஞ்சுது சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு உடன்பாடில்லை. பெயின்ட் மரத்தை மூடிவிடும். சாயம் நாரில் இறங்கி ரேகையைக் காட்டும். தஞ்சாவூர் வீணையும் பலாமரம்தான். அந்த மரத்தை மூடி மறைப்பானேன்?

மஞ்சளோடு சண்டை வேண்டாம் என்று முடிவு செய்தோம். 10 மில்லி ஸ்பிரிட்டுக்கு இத்தனை சொட்டு சிவப்பு, இத்தனை சொட்டு பழுப்பு என்று நோட்டில் எழுதி, ஒரே உப்புத்தாளால் தேய்த்த நான்கு துண்டுகளில் பூசினோம். (மொட்டைமாடியில்தான். ஸ்பிரிட்டை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.) காய்ந்ததும் சாயம் மங்கித் தெரியும், பயப்பட வேண்டாம். வெறும் ஸ்பிரிட் துணியால் ஒருமுறை துடைத்தால், பாலிஷ் போட்ட பின் எப்படியிருக்கும் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு துண்டிலும் பாதியைக் காகிதத்தால் மூடி வெயிலில் வைத்திருக்கிறோம். கிப்சன் கம்பெனி 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் பால் கிடார்கள் பலவற்றில் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துப்போனது. பலாவோ வெளிச்சம் பட்டால் தானே கருக்கும். எது எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இந்த வேலையில் அளவு, குறிப்பு, ஒப்பீடு என்று அறிவியல் செய்முறை முழுக்க இருக்கிறது. இதைப் பள்ளியில் ஓவியப் பீரியடிலும் கைத்தொழில் பீரியடிலும் பிள்ளைகள் கையால் செய்திருக்க வேண்டும். அந்தப் பீரியடுகளைத் தேர்வு நேரத்தில் கடன் வாங்கிக் கணக்கு நடத்தியவர்களில் நானும் ஒருவன். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியர்களே, தயவுசெய்து அந்தப் பீரியடை எடுக்காதீர்கள். தலைமையாசிரியர் கேட்டாலும் மறுத்துப் பாருங்கள்.

பேரன் மூன்றாவது துண்டைத் தேர்ந்திருக்கிறான், தேன் நிறம். மழைக்கால ஈரத்தில் அரக்குப் பூச்சு வெள்ளை பூத்துவிடும், தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.